பாதி மாத்திரை

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த ஓட்டு வீட்டில், ஓர் அறையில் இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் அண்ணன், அண்ணி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அண்ணனுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. விடிந்ததும் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். மேஸ்திரி கைகாட்டி உள்ளே விட்டால் அன்றைக்குக் கூலி, இல்லாவிட்டால் இல்லை. நான் திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தேன். யார் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எங்களை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு மாசமே பக்கத்தில் இருந்த மிளகாய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெட்டவெளியில் மிளகாயைக் கொட்டிக் காயவைத்து, காம்பு கிள்ளி, சொத்தையைப் பிரித்துப் போடுகிற வேலை. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே நாங்கள் இரண்டு பேரும் தும்முவோம். அவளுக்கு ஒன்றும் ஆகாது. கிடங்கு மேஸ்திரி எப்படி நடப்பான், எப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டுவான் என்று நடித்துக் காட்டுவாள். முற்றத்துப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

முதலில் கன்னம்தான் சிவந்தது. மூக்குத் தண்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் பரவியிருந்தது. மிளகாய்ச் சூடு என்று நினைத்தோம். குழாயடியில் யாரோ கேட்டதற்கு, "பவுடர் வாங்கற துட்டு மிச்சம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. கை முட்டி, கால் முட்டி எல்லாம் வீங்கியது. சாயங்காலமானால் காய்ச்சல். தெருக்கோடியில் இருந்த கம்பவுண்டர் கலந்து கொடுத்த சிவப்பு மிக்சர் மருந்தைப் புட்டி புட்டியாகக் குடித்தாள். ஒருத்தர் காசம் என்றார். ஒருத்தர் வாதம் என்றார். வயிற்றில் இருந்த குழந்தை ஆறாவது மாசத்தில் கலைந்து போனது. அதற்குப் பிறகு அண்ணி மேஸ்திரி மாதிரி நடித்துக் காட்டவே இல்லை.

தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்ததும் முற்றத்தில் பேச்சு மாறியது. அது பெருவியாதி, குஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். கிடங்கு முதலாளி கெட்ட மனுஷன் இல்லை. இருந்தாலும் அவரும் கூப்பிட்டு, "உடம்பு சரியான பிறகு வாம்மா" என்று சொல்லிவிட்டார். அவளுடைய கூலி நின்றது அன்றைக்குத்தான்.

அப்புறம்தான் பெரிய டாக்டர்கள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரைப் பிடித்துக் காய்ச்சிப் பார்த்தார்கள். பல நாள் வைத்திருந்து கடைசியில் ஒரு டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். நடுத்தர வயசு, மெதுவாகப் பேசுவார்.

"இது குஷ்டமும் இல்ல, காசமும் இல்ல. யாருக்கும் ஒட்டாது. லூபஸ்னு பேரு. உடம்பே தன்னைத்தானே அரிச்சுக்கற மாதிரி ஒரு நோய். வெயில்ல போகவே கூடாது. இவங்களுக்குச் சிறுநீரகத்தையும் தொட்டிருக்கு. வரும், போகும். திரும்ப வரும்போது உடனே கூட்டிட்டு வந்துடணும்."

யாருக்கும் ஒட்டாது என்றதும் அண்ணன் அழுதுவிட்டான். நல்ல சேதி என்றுதான் அன்றைக்கு நாங்கள் நினைத்தோம்.

வரும் போகும் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் போகப் போகத்தான் புரிந்தது. மழைக்கு முன்னால் ஒரு தடவை வார்டில் சேர்த்தோம். பொங்கல் கழித்து ஒரு தடவை. சித்திரை வெயிலில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வாரக்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிதானே, செலவு என்ன என்று கேட்பார்கள். கட்டிலுக்குக் காசில்லை, டாக்டருக்குக் காசில்லை, உண்மைதான். ஆனால் அவளால் எழுந்து நடக்க முடியாதபோது கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். நான் இருந்தால் என் கூலி போகும். அண்ணன் இருந்தால் அவன் கூலி போகும். இரண்டு நாள் கேட்டுக்குப் போகாவிட்டால் மூன்றாம் நாள் மேஸ்திரி அவன் முகத்தையே பார்க்க மாட்டார். உப்பில்லாத சாப்பாடு கொடுக்கச் சொன்னார்கள். அதை வீட்டில் சமைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். பால், ரொட்டி, பஸ் காசு. நடக்க முடியாத நாளில் ரிக்‌ஷா. ஆஸ்பத்திரியில் இல்லாத ஊசிக்கு வெளியே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

வீட்டில் இருந்த பித்தளை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனது. தவலை போனதும் மண் பானையில் தண்ணீர் வைத்தோம். என் கல்யாணத்துக்கு என்று கட்டிக்கொண்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்தோம். எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தவர்கள், அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகு வரவே இல்லை. அண்ணி அதைக் கவனித்திருந்தாள்.

"என்னாலதான் பாப்பா," என்றாள் ஒரு நாள்.

"உன்னால ஒண்ணும் இல்ல அண்ணி. அவன் மூஞ்சியும் எனக்குப் புடிக்கல," என்றேன். அவள் சிரித்தாள். கன்னம் வலித்திருக்கும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவதோ நாலாவதோ தடவை சேர்த்தபோது டாக்டர் ஒரு புது மாத்திரையைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஆஸ்பத்திரியில் கிடையாது, பாரிமுனையில் ஒரு கடையில் கிடைக்கும் என்றார். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அண்ணனுடைய சட்டையைப் பார்த்தபடி சொன்னார். அண்ணன் கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்து வார்டு வாசலில் உட்கார்ந்தான். ஒரு மாத்திரை அவனுடைய ஒரு நாள் கூலியைத் தொட்டது.

அன்றைக்கே, தெருத்தெருவாக வட்டிக்குப் பணம் விடும் ஒரு பட்டாணிக்காரரிடம் கடன் வாங்கினான். வாங்கின மாத்திரையை அண்ணி சாப்பிட்ட இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. வீக்கம் வடிந்தது. ஒரு வாரத்தில் கட்டிலை விட்டு எழுந்து, தானே குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. செத்தவள் எழுந்து வந்த மாதிரி இருந்தது. முகம் மட்டும் பூரி மாதிரி உப்பிப் போனது. அது மருந்தினால் வருவது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் ஒன்றை மட்டும் அண்ணனிடமும் அண்ணியிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீங்களா நிறுத்தக் கூடாது, நீங்களா குறைக்கவும் கூடாது. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன்."

அண்ணன் அதற்குப் பிறகு பகலில் மூட்டை தூக்கிவிட்டு, நிலக்கரிக் கப்பல் வந்தால் அங்கேயும் போனான். அவன் எச்சில் துப்பினால் கறுப்பாக இருக்கும்.

அந்தத் தடவைதான் அண்ணியின் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். பதினாலு, பதினஞ்சு வயசு இருக்கும். எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பம். அப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். அந்தப் பெண்ணுக்கும் அதே கன்னம், அதே முட்டி, அதே மாதிரி கொட்டுகிற மயிர். அண்ணி அதுவரை தன்னைப் போல இன்னொருத்தியைப் பார்த்ததே இல்லை. முதல் நாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் தன் சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பில் வந்த மயிரை அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"யக்கா, இது ஒட்டிக்குமா? எங்கம்மா எங்கூட ஒரே பாய்லதான் பட்த்துக்குது," என்று அந்தப் பெண் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"யாருக்கும் ஒட்டாது. டாக்டரே சொல்லிட்டாரு. நீ உங்கம்மாவக் கட்டிகினு தூங்கு," என்றாள் அண்ணி.

அந்த அம்மாவுக்கும் டாக்டர் அதே சீட்டை எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். கடைக்குப் போய் விலைகூடக் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது.

அண்ணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். நான் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போவேன். அந்த மீன்காரம்மாவும் பெண்ணும் அதே நாளில் வருவார்கள். அண்ணியும் அந்த அம்மாவும் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சீட்டு வாங்க வரிசையில் நிற்பேன்.

அந்தப் பெண் தேறிக்கொண்டு வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணிக்கோ திரும்பவும் கால் வீங்கியது. கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. டாக்டருக்கே புரியவில்லை. அளவைக் கூட்டி எழுதினார். கூட்டி எழுதினால் கூடுதல் காசு. அண்ணன் திரும்பவும் பட்டாணிக்காரரிடம் போனான். கூட்டியும் பலன் இல்லை. ஒரு நாள் குழாயடியில் அண்ணி மயங்கி விழுந்தாள்.

"நீ மாத்திரைய முழுங்கறியா இல்லியா?" என்று அண்ணன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான்.

"முழுங்கிகினுதான் கீறேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள் அண்ணி.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வரிசை சீக்கிரமே நகர்ந்துவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு நான் மரத்தடிக்குத் திரும்பினேன். அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்து மீன்காரம்மாவின் உள்ளங்கையில் எதையோ கொட்டினாள். வெள்ளை வெள்ளையாக, பாதிப் பாதியாக உடைத்த மாத்திரைகள். அந்த அம்மா அவற்றை ஒரு காகிதத்தில் மடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டேன். அண்ணி மறைக்கவில்லை. ஒரு சுவரோரமாக நிழலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"முழுசா துன்னாலும் நான் ரெண்டு மாசம் நல்லா இருப்பேன், அப்பால மறுபடி கட்டில்தான். இத்தினி தடவ பாத்தாச்சே. உங்கண்ணன் என்னிக்காவது கடன அட்ச்சிடுவாரு. அந்தப் பொண்ணுக்கு யார் கீறா சொல்லு? அதும் மூஞ்சியப் பாத்தா என் மூஞ்சியக் கண்ணாடில பாக்கற மாதிரி கீது பாப்பா."

"அவரு நிலக்கரி தூக்கிச் சம்பாரிச்சது அண்ணி."

"தெரியும்," என்றாள். "அதனாலதான் அவருகிட்ட சொல்லல. நீயும் சொல்லாத."

அன்று சாயங்காலமே நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அதில் எனக்கு யோசனையே இருக்கவில்லை. அவள் சாகக் கூடாது, அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்து, "உன்ன நம்பிகினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை. எனக்குத் தலை வாரிவிடவும் இல்லை.

அண்ணன் சத்தம் போடவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஹார்பருக்குப் போகவில்லை. "வா, எண்ணூருக்குப் போலாம்" என்று என்னைக் கூப்பிட்டான். ரயிலில் போனோம். வழியெல்லாம் அவன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். அந்த அம்மாவைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனில் இறங்கி உப்பளத்தைத் தாண்டி விசாரித்துக்கொண்டே போனோம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பத்திருபது குடிசைகள். அந்தப் பெண் கூரை நிழலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி அம்மாவைக் கூட்டிவந்தாள். ஓடினாள். ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிப் படுக்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா நைனா, குந்து. தங்கச்சி குட்த்தனுப்பிச்சா?" என்றாள். அண்ணியைத்தான் அவள் தங்கச்சி என்பாள்.

அண்ணன் உட்காரவில்லை. "இன்னா குட்த்தனுப்பிச்சா?" என்றான்.

"மாத்திர. சர்க்கார்ல தனக்கு மிச்சமா குடுக்கறாங்க, வூட்ல சும்மா கெடக்குதுன்னு தங்கச்சி சொல்லிச்சே."

ரயிலில் அண்ணன் சேர்த்துவைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சர்க்கார் குடுக்கறது இல்லம்மா. அது நான் கடன் வாங்கி வாங்கினது. எம் பொண்டாட்டிக்கு. அவ பாதிய உங்கிட்ட குட்த்துட்டு சாவக் கெடக்கறா."

அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் நின்றது. பிறகு அம்மா குனிந்து குடிசைக்குள் போனாள். காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து அண்ணன் கையில் வைத்தாள். "எனக்குத் தெரியாது நைனா. என் புள்ள மேல சத்தியமா தெரியாது," என்றாள். பிறகு எதையாவது கூடக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். கூரையில் சொருகியிருந்த கருவாட்டில் ஒரு கை அள்ளி என் முந்தானையில் போட்டாள்.

அண்ணன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். வாங்காமல் வருவான் என்று ஒரு கணம் நான் நினைத்தேன். வாங்கிக்கொண்டான். ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் திட்டவில்லை. அண்ணியை உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். பிறகு, "பாதி அளவு ரெண்டு பேருக்குமே போதாது. அதோட இந்த மருந்தைத் திடீர்னு நிறுத்தினா ரொம்ப ஆபத்து," என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு சார்?" என்றான் அண்ணன்.

"கூட்டிட்டு வரச் சொல்லு, கட்டில் குடுக்கறேன். மாத்திரை எங்கிட்ட இல்லப்பா," என்றார் அவர். தன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் கொஞ்சம் மாத்திரையை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனான். குடிசை சாத்தியிருந்தது. பெண்ணுக்கு ஜுரம் கண்டதென்றும், பழவேற்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் வைத்தியம் பார்க்கப் படகில் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் பக்கத்துக் குடிசையில் சொன்னார்கள். எந்தத் தெரு, யார் வீடு என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அண்ணி அதற்குப் பிறகு முழு மாத்திரையை முழுங்கினாள். அண்ணன் எதிரில் நின்று, அவள் வாயைத் திறந்து காட்டும் வரைக்கும் நகர மாட்டான். என்னோடும் பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் சிறுநீர் இறங்கவில்லை. உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. நான் அவள் காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். அண்ணி அந்தப் பக்கமே திரும்பிப் படுத்திருப்பாள். "அந்தப் பொண்ணு வந்துச்சா?" என்று கேட்பாள். "சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்கு, நல்லா கீது" என்று அண்ணன் சொல்வான். நம்பினாளோ இல்லையோ, மேலே கேட்க மாட்டாள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் இறந்துபோனாள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது திரை போட்டிருந்தார்கள். அண்ணன் அப்போது ஹார்பரில் இருந்தான். அவனுக்குச் சொல்லி அனுப்பி, அவன் வந்து சேரும் வரைக்கும் நான் அவள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து நின்றார். முழு அளவு சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "தெரியலம்மா. சில பேர் பிழைக்கறாங்க. சில பேருக்கு எது குடுத்தாலும் கேக்கறதில்ல," என்றார். ஏதாவது ஒரு பக்கமாகச் சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

காரியம் முடிந்த சில நாள் கழித்து, ஒரு காலை வேளையில் மீன்காரம்மா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தலையில் கூடை இல்லை. வெறுங்கையோடு வந்திருந்தாள். முற்றத்தில் நின்று அண்ணனின் மழித்த தலையையும் மீசையில்லாத முகத்தையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் விறுவிறென்று உள்ளே போனான். அண்ணிக்குக் கடைசியாக வாங்கின மாத்திரைப் புட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"எட்துகினு போம்மா. உம் பொண்ணுக்கு. முழுசா குடு, பாதி குடுக்காத. டாக்டரு சொன்னாரு."

அவள் புட்டியைத் தொடவில்லை. "அதுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சி போச்சி நைனா," என்றாள். "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

முற்றத்தில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை நிறுத்திவிட்டாள். அண்ணன் நின்ற இடத்திலேயே குந்தினான். அவன் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசினதால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான் அத்த வாங்கினு வந்திருக்கக் கூடாது."

"நீ இன்னா பண்ணுவ?" என்றாள் அந்த அம்மா. "உன் வூட்டு மாத்திர. நீ கேட்ட, நான் குட்த்தேன். நான் உன் எடத்துல இருந்தாலும் வந்து கேட்டிருப்பேன்."

பிறகு, தன் பெண் கடைசியில் அண்ணியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொன்னாள். தலை வாரிவிட வருவாளா என்று கேட்டாளாம். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவளை நாங்கள் பார்க்கவில்லை.

புட்டியை அண்ணன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அந்த டாக்டரிடம் கொடுத்துவிட்டான். யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. கடன் மட்டும் எங்களோடு இருந்தது. பட்டாணிக்காரர் மாசாமாசம் வாசலில் வந்து நிற்பார். அவரையும் ஒன்றும் சொல்ல முடியாது, அவர் கொடுத்த பணத்தில்தான் அண்ணி சில வாரங்கள் எழுந்து நடந்தாள். எனக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது. அண்ணன் வேறு பெண் கட்டிக்கொள்ளவில்லை. என் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராயபுரம் கடற்கரைக்குப் போவான், வருவான். அண்ணியைப் பற்றி நிறையப் பேசுவான். எண்ணூருக்குப் போய் வந்த நாளைப் பற்றி மட்டும் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "நீ என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை. அவனும் பல வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறான். எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

ரொம்ப நாள் எனக்கு அண்ணி மேல் கோபம் இருந்தது. அப்புறம் அண்ணன் மேல். பாவம், அந்த மீன்காரம்மா மேல்கூடக் கொஞ்ச நாள் இருந்தது. வயசான பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று பேரும் செய்ததில் எதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். தன் கூலியைக் கொட்டி மருந்து வாங்கினவனும், அதை உடைத்துக் கொடுத்தவளும், கேட்டதும் எடுத்துக் கொடுத்தவளும் எல்லாரும் யாரையாவது காப்பாற்றத்தான் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் போதுமான மருந்து அந்தக் கடையின் அலமாரியில் இருந்தது. எங்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நிற்கிற யாராவது சீட்டை நீட்டி விலையைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதுல பாதி மட்டும் குடுங்க" என்று சொன்னால், மீதிப் பாதி இல்லாமல் அவர் வீட்டில் யார் எதைத் தாங்கிக்கொள்ளப் போகிறார்களோ என்று நினைத்து, நான் வாங்க வந்ததையே மறந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.